கண்ணாடிச் சாளரமும் வலசைக் குருவியும்

சத்திமுத்தப் புலவர் பாண்டியன் தலைநகரிற் குளிரால் நடுங்கிக் கிடந்தபொழுது, வானிற் சென்ற நாரையை விளித்துத் தம் ஊரிலுள்ள மனைவிக்குச் செய்தி சொல்லிவிட்ட வரலாற்றைத் தமிழ் பயில்வோர் யாவரும் அறிவர். அப்பாட்டின் சுவையை எடுத்துப் பேசுவோர் பலர்; அந்நாரை ஏன் வடதிசை நோக்கிச் சென்றது என்று வினவுவோர் மிகச் சிலரே. தென்கோடியிற் சிலகாலம் தங்கிப் பின்னர் வடக்கே மீளுதல் அதன் வழக்கம் என்பதை அவ்வேழைப் புலவர் அறிந்திருந்தார். அறிந்தே அதனைத் தூதாகக் கொண்டார். பருவந்தோறும் பறவைகள் இவ்வாறு இடம் பெயர்தலை வலசை போதல் என்பர்.

நாரை பேருடல் படைத்தது, பகலிற் பறப்பது, நிமிர்ந்து நோக்குவார் கண்ணுக்குத் தப்பாதது. யாம் ஈண்டு எழுதப் புகுந்ததோ கண்ணுக்குத் தப்பிச் செல்லும் வேறொரு கூட்டத்தைப் பற்றியதாகும். வடவமெரிக்காவின் குளிர்நிலக் காடுகளிற் கோடையிற் குஞ்சு பொரித்து, இலையுதிர் காலத்தில் மெக்சிக்கோ, மேற்கிந்தியத் தீவுகள், தென்னமெரிக்கா முதலிய வெப்பநாடுகளுக்குப் பெயர்ந்து, இளவேனிலில் மீண்டும் வடக்கே திரும்பும் பாடும் பறவைகள் எண்ணிறந்தன. அவற்றுள் வார்ப்ளர் எனப்படும் குருவிகள் பல 10 அல்லது 12 கிராம் எடையே உடையன. நம் சட்டைப்பையிற் கிடக்கும் ஐந்து ரூபாய் நாணயம் இரண்டின் எடை ஏறத்தாழ அவ்வளவே. இவ்வினத்துள் ஒன்றாகிய பிளாக்போல் வார்ப்ளர் அட்லாண்டிக்குப் பெருங்கடலின்மேல் இடையே ஓரிடத்தும் தங்காது இரண்டு மூன்று நாள் தொடர்ந்து பறந்து, 1,400 மைலுக்கும் அப்பாலுள்ள தீவுகளை அடைகின்றது. குருவியின் முதுகில் நுண்கருவி பொருத்தி ஆராய்ந்தோர் 2015-ஆம் ஆண்டில் வெளியிட்ட செய்தி இது. கடலைக் கடக்க வல்ல அவ்வுயிரினம் ஒரு சாளரத்தைக் கடக்கமாட்டாது மடிகின்றது என்பதே யாம் சொல்லவந்த பொருள்.

இக்குருவிகளுட் பெரும்பாலானவை இரவிலேயே பறக்கின்றன. இரவில் காற்றுத் தண்ணிதாய் அமைதியுற்றிருக்கும்; வல்லூறு முதலிய பகைப் பறவைகளின் அச்சமும் குறைவு; பகற்பொழுது இரைதேட எஞ்சும். ஆயின் இருளில் வழி அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை தேடினோருள் ஸ்டீபன் எம்லென் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர் செய்த சோதனை மிக அழகியது. இண்டிகோ பண்டிங் என்னும் நீலக்குருவியை அவர் ஒரு புனல்வடிவக் கூண்டில் இட்டார். கூண்டின் அடியில் மையொற்றியை வைத்தார். சுற்றிலும் வெண்தாள் வேய்ந்தார். அக்கூண்டைச் செயற்கை வான்காட்சி மண்டபம் ஒன்றிற் கொண்டுபோய் வைத்தார். குருவி தான் செல்ல விரும்பும் திசை நோக்கித் தாவுந்தோறும் அதன் மைபட்ட காலடிகள் தாளிற் பதிந்தன. விண்மீன்களின் நிலையை மாற்றியபொழுது காலடிகளின் திசையும் மாறிற்று. வான்மீன்கள் எப்புள்ளியைச் சுற்றிச் சுழல்கின்றனவோ அப்புள்ளியை இளமையிற் கண்டு பழகி அதனையே திசைகாட்டியாகக் கொள்கின்றன இக்குருவிகள் என்பது, 1967-ஆம் ஆண்டில் வெளிவந்த இவருடைய ஆராய்ச்சியாலும் பின்னர் வந்தவற்றாலும் விளங்கிற்று. நிலவுலகின் காந்த ஈர்ப்பையும் பறவைகள் உணர்கின்றன என்பது மற்றொரு முடிபு. எழுத்தறியாத குருவியின் கால்கள் வானநூலை ஒரு தாளில் எழுதிக்காட்டிய இச்செய்தியைப் படித்த அன்று, எமக்கு அடுத்த நாள் எழுதவேண்டியிருந்த யாப்பிலக்கணத் தேர்வும் மறந்துபோயிற்று என்பதை ஒளியாது கூறுகின்றோம்.

இத்தகைய வானநூற் புலமையைக் கலக்குவது மின்னொளி. முகில் தாழ்ந்து மீன்கள் மறைந்த இரவில், நகரின் ஒளி பறவைகளை ஈர்க்கின்றது. அவை வழிவிட்டு விலகி, ஒளி நிறைந்த மாளிகைகளைச் சுற்றிச்சுற்றிப் பறந்து களைக்கின்றன. சில அப்பொழுதே சுவரில் மோதுகின்றன. எஞ்சியவை விடியலில் நகர நடுவே ஏதேனும் ஒரு மரத்திலோ புதரிலோ இறங்குகின்றன. இறங்கிய பின்னர்க் காத்திருப்பது இரண்டாம் கண்ணி, அதுவே கண்ணாடி. எதிரேயுள்ள மரமும் வானமும் அதில் தோன்றுகின்றன. குருவி அம்மரத்தை மரமென்றே கொண்டு பறக்கின்றது. அன்றேல் கண்ணாடிக்கு உட்புறம் வைத்த பூந்தொட்டியை நோக்கிப் பறக்கின்றது. கண்ணாடி என்பது மக்கட்கும் உண்மையிற் புலப்படும் பொருளன்று. சட்டம், கைப்பிடி, விளிம்பு, படிந்த தூசி முதலிய குறிகளைக்கொண்டு அங்குக் கண்ணாடி உண்டென்று கருதிக்கொள்கிறோம். அங்ஙனம் பழகியும், விடுதியின் உணவுக்கூடக் கதவில் நெற்றியை முட்டிக்கொண்ட நண்பர்கள் எம்மில் உளர். காட்டிற் பிறந்து முதன்முறை தெற்கே செல்லும் நான்கு திங்கட் குருவிக்கு இக்குறிகளைக் கற்பித்தவர் யார்? மோதி வீழ்ந்ததனைக் கண்டோர் கழுத்து முறிந்தது என்பர். ஆராய்ந்தோர் கூறுவது வேறு: பெரும்பாலும் தலையினுள்ளே குருதி கசிந்தே அவை இறக்கின்றன. எழுந்து பறந்து சென்றது, பிழைத்தது என்று நாம் மகிழும் குருவியும் சிறிது நேரத்தில் ஏதேனும் ஒரு புதரடியில் இறந்து கிடத்தல் கூடும்.

இக்கொடுமை மிகுதியாக நிகழும் நகரங்களுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிக்காகோ தலையாயது. வடக்கிருந்து தெற்கே செல்லும் வான்வழி ஒன்றில், மிச்சிகன் ஏரியின் கரையில், அந்நகர் அமைந்துள்ளது. வலசைப் பறவைகளை இரவொளியால் துன்புறுத்தும் அந்நாட்டு நகரங்களை 2019-ஆம் ஆண்டில் வரிசைப்படுத்தியபொழுது, இளவேனில், இலையுதிர் காலம் ஆகிய இரண்டிலும் சிக்காகோவே முதலிடம் பெற்றது. ஏரிக்கரையை ஒட்டி மெக்கார்மிக் பிளேஸ் என்னும் மாநாட்டு மாளிகை ஒன்று உண்டு; அதன் ஏரிப்பக்கத்துக் கட்டடம் 1971-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நெடிது உயர்ந்ததன்று, அகன்று தாழ்ந்தது, ஆயினும் சுற்றிலும் கண்ணாடி.

1978-ஆம் ஆண்டில் ஒருநாள், அங்குப் பறவைகள் மோதி இறக்கின்றன என்று யாரோ பேச்சுவாக்கிற் சொல்லக் கேட்ட டேவிட் வில்லார்டு என்பவர், உண்மையோ என்று பார்க்கச் சென்றார். அவர் அருகிலுள்ள பீல்டு பொருட்காட்சிச்சாலையின் பறவைப் பகுதியில் ஊழியம் செய்தவர். சென்ற இடத்தில் இறந்த பறவைகள் சில கிடந்தன. மற்றொருவராயின் ஐயோ பாவம் என்று சொல்லித் திரும்பியிருப்பார். வில்லார்டு அவற்றை எடுத்துவந்தார், மறுநாளும் சென்றார். வலசைப் பருவந்தோறும் விடியற்காலையில் அம்மாளிகையைச் சுற்றி நடந்து, வீழ்ந்தவற்றைப் பொறுக்கி, இனம் பிரித்து, நாள் குறித்து, இறகும் காலும் அளந்து ஏட்டிற் பதிதலை நாற்பது ஆண்டுக்குமேல் அவரும் அவரைச் சார்ந்தோரும் நிறுத்தவில்லை. அம்மாளிகையடியில் மட்டும் அவ்வாறு எடுத்த பறவைகள் ஏறத்தாழ 40,000.

எண்ணிக்கையைக் கேட்டுத் திகைப்பது எளிது. எம்மை மிகுதியும் கவர்ந்தது அவ்வெண்ணிக்கை எண்ணப்பட்ட முறையே. இறந்த குருவியை எண்ணுதலாற் பயன் யாது என்று அந்நாளில் எவரேனும் கேட்டிருப்பின், வில்லார்டும் விடை கூற இடர்ப்பட்டிருப்பார். பயன் பின்னர் வந்தது. சிக்காகோவில் 1978 முதல் 2016 வரை இவ்வாறு திரட்டிய 52 இனத்துப் பறவைகள் 70,716-ஐ ஆராய்ந்து பார்க்க, அவற்றின் உடல் சிறுத்துக்கொண்டும் இறகு நீண்டுகொண்டும் வருதல் தெரிந்தது. காலெலும்பு நூற்றுக்கு 2.4 பங்கு குறுகிற்று, இறகு 1.3 பங்கு நீண்டது. வெப்பம் மிகுந்துவரும் உலகில் உயிர்களின் உடலும் மாறுகின்றது என்பதற்கு இது ஒரு சான்றாயிற்று.

இன்னொரு செய்தி கேட்போர் நெஞ்சை உருக்கும். இரவிற் பறக்கும் குருவிகள் பல மெல்லிய குரல் ஒன்றை இடையிடையே எழுப்பித் தம் கூட்டத்தாரோடு தொடர்பு கொள்கின்றன. அங்ஙனம் குரல் கொடுக்கும் இனங்களே மாளிகைகளில் மிகுதியாக மோதுகின்றன என்பது 2019-ஆம் ஆண்டிற் கண்ட முடிபு. வெண்தொண்டைச் சிட்டு ஒன்றன் இனத்தில் மட்டும் 10,000-க்கு மேற்பட்டவை சிக்காகோவில் வீழ்ந்தன. ஒளியில் மயங்கிய குருவி குரல் கொடுக்க, அதனைக் கேட்ட துணைகளும் அங்கே வருகின்றன போலும் என்று ஆராய்ந்தோர் கருதுகின்றனர். வழிகாட்ட அமைந்த குரல் வழிகெடுக்கும் குரலாய் முடிகின்றது.

ஒளிக்கும் சாவுக்கும் உள்ள தொடர்பும் அவ்வேட்டிலிருந்தே துலங்கிற்று. மாளிகையின் ஒரு பகுதி இருண்டிருந்த காலத்தில் அப்பகுதிச் சாளரத்தடியிற் பறவைகள் குறைவாகக் கிடந்ததை வில்லார்டு கண்டார். அதன்பின் எந்தச் சாளரம் ஒளியோடிருந்தது, எது இருண்டிருந்தது என்பதும் நாடோறும் குறிக்கப்பட்டது. 21 ஆண்டுக் குறிப்பை ஆராய்ந்து 2021-ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையின் முடிபு இது: எல்லாச் சாளரமும் ஒளிரும் இரவை நோக்கப் பாதிச் சாளரம் இருண்ட இரவில், மோதும் பறவைகள் இளவேனிலிற் பதினொன்றில் ஒரு பங்காகவும் இலையுதிர் காலத்தில் ஆறில் ஒரு பங்காகவும் குறைகின்றன. ஒரு விசையைக் கீழே தட்டுதல், அவ்வளவே வேண்டுவது.

இங்ஙனம் நோயும் தெரிந்து, மருந்தும் தெரிந்திருந்தது. அதன் பின்னரும் நிகழ்ந்தது யாது? 2023-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 4-ஆம் நாள் இரவு. பல நாளாகத் தென்காற்று வீசித் தடைப்படுத்தியதால் வடக்கே தேங்கி நின்ற பறவைகள், காற்றுத் திரும்பியவுடன் ஒருங்கே கிளம்பின. சிக்காகோவைச் சூழ்ந்த வானில் மட்டும் அவ்விரவில் ஏறத்தாழ 15 இலட்சம் பறவைகள் பறந்தன என்று ரேடார்க் கருவி காட்டிற்று. விடியற்குமுன் மழையும் வந்தது, பறவைகள் தாழ்ந்தன. மாநாட்டு மாளிகையில் ஏதோ நிகழ்ச்சியின் பொருட்டு விளக்குகள் எரிந்தன. வழக்கமான நாளில் ஒன்றுமின்றியோ பத்துப் பதினைந்தோ கிடக்கும் அவ்விடத்தில், காலையிற் பொறுக்கி எடுத்த பறவைகள் குறைந்தது 961. நாற்பது ஆண்டிற் கண்டறியாத காட்சி இது என்றார் வில்லார்டு. ஒரே கட்டடம், ஓரிரவு.

செய்தி உலகெங்கும் பரவிற்று. அடுத்த ஆண்டுக் கோடையில், 2024-இல், அம்மாளிகையின் கண்ணாடி முழுவதும், இரண்டு ஆட்டத்திடல்களுக்கு நிகரான பரப்பு, சிறு புள்ளிகள் பொறித்த மெல்லிய ஒட்டுப்படலத்தால் வேயப்பட்டது. செலவு 12 இலட்சம் டாலர். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் மோதல்கள் நூற்றுக்கு 95 பங்கு குறைந்தன. உள்ளே இருப்போர்க்கு ஏரியின் தோற்றம் முன்போலவே தெரிகின்றது.

இதனைப் படித்து மகிழ்ந்தோம். மகிழ்ந்தவுடன் சினமும் கொண்டோம். புள்ளியிட்ட கண்ணாடி 2024-இற் பிறந்த புதுமையன்று. டேனியல் கிளெம் என்பார் 1974-ஆம் ஆண்டில், இல்லினாய் மாநிலத்தில் ஆராய்ச்சி மாணவராய் இருந்த நாள் தொட்டு, இதனையே ஆராய்ந்து வந்தவர். குறிகளை நெருக்கமாக இட்டால் பறவை விலகும் என்று பன்முறை மெய்ப்பித்தவர். கண்ணாடியால் அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் 10 கோடி முதல் 100 கோடி வரை பறவைகள் இறக்கலாம் என்று அவர் 1990-இல் எழுதியபொழுது மிகையென்று எண்ணினோர் பலர். 2014-இல் வேறு அறிஞர் பல ஆய்வுகளைத் தொகுத்துக் கணித்தது 36.5 கோடி முதல் 98.8 கோடி. அறிவு இருந்தது. அறிவைத் தாங்கிய ஏடும் ஒருமைல் தொலைவிலேயே இருந்தது. இல்லாதிருந்தது வெட்கம் ஒன்றே. அதனைத் தோற்றுவிக்க ஓரிரவில் ஓராயிரம் உயிர் தேவைப்பட்டது. நாளுக்குப் பத்தாக நாற்பதினாயிரம் இறந்தால் அது வழக்கம். ஒருநாளில் ஆயிரம் இறந்தால் அது செய்தி! இம்மனப்பான்மையையே யாம் குற்றம் என்கின்றோம்.

இவ்விடத்து எம் வகுப்புத் தோழர் சிலர் எழுப்பிய தடைகளையும் கூறிவிடுதல் முறை. பூனைகள் கொல்லும் பறவைகள் இவற்றினும் பன்மடங்காயிற்றே என்பது ஒன்று. மெய்யே, அந்நாட்டிற் பூனையாற் சாவன ஆண்டுக்கு 130 கோடிக்குக் குறையா என்று கணித்துள்ளனர். காடழிவு இவ்விரண்டினும் பெரிது. ஆனால் ஒரு வீட்டிற் கள்வனும் புகுந்து, கூரையும் ஒழுகுமானால், கள்வனைப் பிடிக்கும்வரை கூரையை வேயாதிருப்பார் உண்டோ? அன்றியும், பூனையின் வாயில் அகப்படுவனவற்றுள் நோயும் முதுமையும் உற்றவை பல இருத்தல் கூடும். கண்ணாடியோ வலியது எளியது என்று பாராது. வடவமெரிக்காவில் 1970-ஆம் ஆண்டு தொட்டு ஏறத்தாழ 290 கோடிப் பறவைகள் குறைந்துபோயின என்று 2019-இற் கணக்கிட்ட பின்னர், எது பெரிய வாயில், எது சிறிய வாயில் என்று வழக்காடிக்கொண்டிருத்தல் தகாது.

வானளாவிய மாளிகை கட்டுவோர்க்கே இக்கவலை, நமக்கென்ன என்பது மற்றொன்று. இதுவே பெரும்பிழை. மேற்கூறிய 2014-ஆம் ஆண்டுக் கணக்கில், பன்னிரண்டு மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களின் பங்கு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. நான்கு முதல் பதினொரு மாடி வரையுள்ளவை 56 பங்கு; மூன்று மாடிக்கு உட்பட்ட குடியிருப்பு வீடுகள் 44 பங்கு. தனியொரு வீட்டில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோ வீழ்கின்றது, வீடுகளோ கோடிக்கணக்கின. பெரிய மாளிகையின் அடியிற் கிடப்பதைத் தேடிப் பொறுக்க ஆளுண்டு. நம் வீட்டுச் சாளரத்தடியிற் கிடப்பதைப் பூனையும் எறும்பும் விடியுமுன்னே அகற்றிவிடுகின்றன. மற்றும் ஓர் ஆராய்ச்சி கல்லூரி மாணவராகிய நமக்கு நெருங்கியது. வடவமெரிக்காவில் நாற்பது இடங்களில், பெரும்பாலும் கல்லூரி வளாகங்களில், 281 கட்டடங்களைச் சுற்றி மாணவரும் ஆசிரியரும் தேடிக் குறித்ததில் தெரிந்தது யாதெனின், நகர நெருக்கத்தில் நிற்கும் கட்டடத்தினும், மரமும் புல்வெளியும் சூழ்ந்த இடத்தில் தனித்து நிற்கும் பெரிய கட்டடமே மிகுதியாகக் கொல்கின்றது என்பது. மரமும் புல்வெளியும் சூழ்ந்த இடத்திற் பெரிய கட்டடங்கள் நிற்பது எங்கே என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு யாம் சொல்ல வேண்டுவதில்லை.

பருந்தின் வடிவம் ஒன்றை வெட்டிச் சாளரத்தில் ஒட்டிவிட்டால் போதும் என்று கருதுவோரும் உளர். கடைகளில் அதனை விற்கவும் செய்கின்றனர். போதாது. அதனைப் பருந்தென்று குருவி அஞ்சுவதில்லை. அவ்வொரு தடையை விலக்கிப் பக்கத்துக் கண்ணாடியில் மோதுகின்றது. இரண்டங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளியோ கோடோ கண்ணாடி முழுவதும் இருத்தல் வேண்டும், அதுவும் வெளிப்புறத்தில். உட்புறம் இட்டால் வெளியே தோன்றும் மரநிழல் அதனை மறைத்துவிடும். கம்பிவலை கட்டுதலும் பயன்தரும். பழைய வீடுகளில் நம் முன்னோர் மரச்சட்டமும் கம்பியும் வைத்த சாளரம் அமைத்தது பறவையின் பொருட்டு அன்று. ஆயினும் அவற்றில் மோதி இறந்த குருவியை நாம் கேள்விப்பட்டதில்லை.

நல்லுணர்ச்சி ஒன்றையே நம்பி இதனை விட்டுவிடலாகாது என்பது எம் கருத்து. டொராண்டோ நகரில் 1993-ஆம் ஆண்டிலேயே அன்பர் சிலர் கழகம் கண்டு, விடியற்காலையில் வீதியில் வீழ்ந்தவற்றை எடுத்து, பிழைப்பனவற்றைக் காத்து, மாளிகையோரிடம் விளக்கணைக்க வேண்டி வந்தனர். அவ்வுழைப்பு வீண்போகவில்லை, ஆயினும் நிலையான மாறுதல் 2010-இல் அந்நகர் புதுக்கட்டடங்களுக்கு விதி வகுத்த பின்னரே வந்தது. நியூயார்க்கு நகர மன்றம் 2019-இல் ஒரு சட்டம் இயற்றி, 2021 முதல் புதிதாக எழும் கட்டடங்களின் முதல் 75 அடி உயரத்துள் அமையும் வெளிக் கண்ணாடியில் நூற்றுக்கு 90 பங்கு பறவைக்குப் புலனாவதாய் இருத்தல் வேண்டும் என்று விதித்தது. கட்டும்பொழுதே குறியிட்ட கண்ணாடியை வாங்குதல் எளிது. கட்டி முடித்து ஐம்பது ஆண்டு சென்றபின் படலம் ஒட்டுதல் 12 இலட்சம் டாலர்.

அந்நியூயார்க்கு நகரில் நிகழும் மற்றொரு வழக்கத்தையும் கூறாதிருக்க இயலவில்லை. 2001-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் மாண்டோர் நினைவாக ஆண்டுதோறும் அந்நாளிரவில் இரண்டு பேரொளித் தூண்களை வானில் எழுப்புகின்றனர். அந்நாளோ வலசைப் பருவத்தின் நடுநாள். ஏழாண்டு நோக்கியதில் 11 இலட்சம் பறவைகள் அவ்வொளியால் ஈர்க்கப்பட்டன என்று 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சி கூறுகின்றது. அதனால், ஒளியினுள் ஆயிரம் பறவைக்குமேற் சுழலக் கண்டால், விளக்குகளை இருபது நிமிடம் அணைத்து, அவை வழிகண்டு சென்றபின் மீண்டும் ஏற்றுகின்றனர். தம் மக்களை இழந்தோர் அவர்களை நினைந்து ஏற்றிய விளக்கே குருவிக்காக இருபது நிமிடம் அணையுமாயின், வாணிகத்துக்கும் அழகுக்கும் எரியும் விளக்கை அணைக்க இயலாது என்பார்க்கு யாது சொல்வது?

இவை யாவும் கடல் கடந்த நாட்டுச் செய்தி. எண்ணுவோரும் அங்கேயே உளர். இங்கு எண்ணுவோர் இல்லை. ஆதலின் இங்குச் சாவும் இல்லை என்று நினைத்துக்கொள்கிறோம். யாமும் சென்ற அக்டோபர்த் திங்கள் வரை அவ்வாறே நினைந்திருந்தோம். ஒருநாட் காலை ஆலயமணி அடிக்குமுன் கருத்தரங்க மண்டபத்துக்கு மேல்புறமாக நடந்துவந்தபொழுது, நெடுங்கண்ணாடியின் அடியில், பச்சை முதுகும் நீலத் தோளும் செந்நிற வயிற்றடியும் கண்ணருகே கரிய கோடுமாக ஒரு பறவை சரிந்து கிடந்தது. ஆறுமணிக்குருவி! காலையும் மாலையும் ஆறுமணி அளவிற் கூவுவதால் அப்பெயர் பெற்றது. இமயத்தின் அடிவாரத்திலும் நடுவிந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, மழைக்காலம் கழிந்தபின் தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் வருவது, இரவில் வருவது. வந்திறங்கும் பருவத்தில் களைத்துப்போய் ஊர்நடுவே வீடுகளிற் புகுந்துவிடுவதும் உண்டு. ஓர் அட்டைப்பெட்டியில் துணி விரித்து அதனை இருளில் வைத்தோம். முதல் வகுப்பு முடிந்து வந்து திறந்தபொழுது அது இறந்திருந்தது. நூற்றுக்கணக்கான மைல் கடந்து வந்தது, தங்கவேண்டிய மரத்துக்கு இருபதடி இப்பால் வீழ்ந்தது. அம்மரமே கண்ணாடியுள் தெரிந்தது.

அங்குப் பெருக்கும் பெரியவரை வினவினோம். “வருஷா வருஷம் இந்த மாசத்துலே ஒண்ணு ரெண்டு விழும், தம்பி. நான் பெருக்கி மரத்தடியிலே ஒதுக்கிடுவேன். யாரும் கேட்டதில்லே” என்றார். அவர்மீது பிழை சொல்லோம். கேளாதவர் நாமே. ஞாயிற்றுப் பள்ளியில் அடைக்கலான் குருவியைப் பற்றிய பாடத்தை மனப்பாடமாக ஒப்பித்துப் பரிசு பெற்றோர் எம்மிற் பலர். வீழும் குருவி ஆண்டவர் நினைவிற் பதிந்திருக்கும் என்று நம்புதல் நன்று. அதனால் நம் நினைவில் அது பதியவேண்டுவதில்லை என்று அப்பாடம் எங்கும் கூறவில்லை.

இதனை இப்பொழுதே எழுதுவதற்குக் காரணம் உண்டு. பழைய மாணவர்களின் பெருங்கொடையால் எழவிருக்கும் அறிவியற் கட்டடத்தின் படம் நூலக வாயிலில் வைக்கப்பெற்றுள்ளது. நான்கு மாடி, கிழக்கு முகப்பு முழுவதும் தரைமுதல் கூரைவரை கண்ணாடி, எதிரே தூங்குமூஞ்சி மரங்களும் வேம்பும். கண்ணுக்கு இனியதே, அதனை மறுக்கவில்லை. அக்கண்ணாடி இன்னும் வாங்கப்படவில்லை என்று அறிகின்றோம். கட்டடக் குழுவினரான பெரியோர்க்கும், கொடையளித்த அண்ணன்மார் அக்காமார்க்கும் யாம் பணிவோடு வேண்டிக்கொள்வது இதுவே: முகப்பை மாற்றவேண்டா, இரண்டங்குலத்துக்கு ஒரு புள்ளி பொறித்த கண்ணாடியாக அதனை வாங்குக. அறிவியலுக்கென்று எழும் மாளிகை, ஐம்பது ஆண்டாக அறிவியல் கூறிவரும் ஒன்றை அறியாதது போல் நிற்றல் அழகன்று. பழைய மண்டபத்துக்கு வலை கட்டுதலும், அக்டோபர், நவம்பர்த் திங்களில் இரவு பத்துமணிக்குமேல் அங்கு வீணே எரியும் விளக்குகளை அணைத்தலும் இவ்வாண்டே செய்யத்தக்கவை. இவற்றுக்குக் குழுக்கூட்டமும் வேண்டுவதில்லை.

தமிழ் ஆனர்சு வகுப்பினர் மூவரும் விலங்கியல் வகுப்பினர் இருவருமாக யாம், வலசைப் பருவத்தில் நாடோறும் காலை ஆறரை மணிக்கு மண்டபத்தைச் சுற்றி நடந்து வருகின்றோம். பெருக்கும் பெரியவரும் இப்பொழுது எதனையும் ஒதுக்காது எமக்காக எடுத்து வைக்கின்றார். நாள், இடம், பறவையின் பெயர், அது கிடந்த சாளரத்தின் எண் ஆகியவற்றைக் குறிக்கும் குறிப்பேடு ஒன்று நூலகத்தில் நாளிதழ் மேசையின்மீது நூலிற் கட்டி வைக்கப்பட்டுள்ளது. பெயர் தெரியாவிடின் நிறத்தையேனும் எழுதிவைக்க. பென்சில் அடிக்கடி காணாமற்போகின்றது. தம் எழுதுகோலைக் கொண்டு வருவோர்க்கு நன்றி.